மூன்றாம் துண்டு

பிப்ரவரி 9

மாத்திரை நான்கு. காலை ஆறரை, வெறும் வயிறு.

சுகாதார நிலையத்துச் செவிலியர் சொன்னதால் இந்த நோட்டு. "தினம் போட்டதும் எழுதி வெச்சிருங்கம்மா. ஒரு நாள் விட்டாலும் எனக்குத் தெரியணும்" என்றார். ஆறு மாதம் போட வேண்டும். கழுத்தின் இடப்பக்கம் இருக்கும் கட்டி டிபி என்று ஊசியால் எடுத்துப் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். நுரையீரலில் இல்லை, யாருக்கும் ஒட்டாது. இதை டாக்டர் மூன்று முறை சொன்னார். நான் யாரிடம் போய் அதைச் சொல்வது? முதல் வார்த்தையிலேயே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

டாக்டர் இன்னும் நிறையச் சொன்னார். ஈரல், மூட்டு வலி, கண். சிறுநீர் நிறம் மாறும், பயப்படாதீர்கள் என்றார்.

மாலையில் எனக்கு இரண்டு ரவிக்கை வெட்டினேன். ஒன்றரை அங்குலம் நிற்கிற காலர். கட்டி அதற்குள் அடங்கிவிடும்.

பிப்ரவரி 10

மாத்திரை நான்கு. நிறம் மாறிவிட்டது. துலுக்கச் சாமந்தி, அடியில் ஒரு துளி செங்கல். இருபது வருடம் சாயத்தொட்டியை எட்டிப் பார்த்தவளுக்கு இதற்கும் பெயர் வைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் உடை வடிவமைப்பு சொல்லித்தரும் கல்லூரியில் எல்லோருக்கும் காலர் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பேர் காலர் வைத்துத் தைத்துக்கொண்டு வருவார்கள். என் கட்டி ஃபேஷனாகிவிடும்.

பிப்ரவரி 23

மாத்திரை நான்கு.

ஆதிரன் பேசினார். பன்னிரண்டு வருடம் முன்பு, நான் உடை வடிவமைத்த ஒரு படத்தில் கடைசி உதவி இயக்குநர். இப்போது இயக்குநர். "மேடம், கதை முழுக்க ஹீரோயினுக்கு ஒரே புடவைதான். அரக்கு. அந்த ஒரு புடவைக்காக உங்க கண்ணு வேணும் எனக்கு."

கடைசியாகப் படம் கிடைத்து ஆறு வருடம் ஆகிறது. நடுவில் வகுப்பு, விடைத்தாள், மறுபடி வகுப்பு. அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. பால் ஏற்கெனவே காய்ச்சியிருந்தது.

ஒரு காலத்தில் வடபழனியில் துணியைப் பார்த்துவிட்டு, துண்டு எதுவும் கையில் எடுத்துக்கொள்ளாமல், பாரிமுனைக்குப் போய் அதே நிறத்தில் நூல் வாங்கி வருவேன். தையல்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை.

மார்ச் 14, காரைக்குடி

மாத்திரை நான்கு, விடுதிக் குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

வெளிப்புறக் காட்சிகள் நன்றாகப் போகின்றன. உதவிக்கு சுகிர்தாவை அழைத்து வந்திருக்கிறேன். இறுதியாண்டு மாணவி, திண்டிவனம். இந்தப் படத்தில் செய்யும் வேலைதான் அவளுடைய ப்ராஜெக்ட். நான் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். வாய் ஓயாது, கையும் ஓயாது.

இன்று புடவையைப் பழசாக்கினோம். டீத்தண்ணீரில் முக்கி, மடிப்பு விழும் இடங்களில் உப்புத்தாள் தேய்த்து. வேடிக்கை பார்த்த ஒரு பெண்மணி கேட்டார்: "நல்ல பொடவைய ஏண்டி இப்பிடிப் பாழாக்குறீக?"

"பாழாக்குறதுக்குத்தான்க்கா மூணு வருஷம் படிச்சேன்" என்றாள் சுகிர்தா.

கன்டினியூட்டி நோட்டை அவள்தான் வைத்திருக்கிறாள். எந்தக் காட்சிக்கு எந்த உடை, எத்தனை பொத்தான் திறந்திருந்தது, கொசுவம் எந்தப் பக்கம், எல்லாம் அதில் வரவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தத் துணியின் துண்டு ஒன்றை ஸ்டேப்ளர் போட்டு ஒட்டி, தேதியும் "மேடம் ஓகே" என்றும் எழுதுகிறாள். நான் கற்றுக்கொடுத்ததுதான். இவ்வளவு ஒழுங்காக நான்கூட வைத்ததில்லை.

நாயகி வாசற்படி ஏறி உள்ளே நுழைவது வரை இங்கே எடுத்தாகிவிட்டது. நுழைந்த பிறகு நடப்பதெல்லாம் சென்னையில் செட் போட்டு ஜூனில்.

ஏப்ரல் 19

மாத்திரை நான்கு. போன வாரம் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு மருந்தில் ஒன்று குறைந்துவிட்டதாம், மாத்திரை எண்ணிக்கை மட்டும் அதே நான்கு. கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

காய்கறிக்காரர் ஏமாற்றிவிட்டார். பழம் என்று பொறுக்கி வந்த ஒரு கிலோ தக்காளியில் பாதி காய். ரசம் வைக்க முடியவில்லை. கூட்டு வைத்தேன்.

மே 3

மாத்திரை நான்கு. சிறுநீர் நிறம் வெளுத்துவிட்டது, சாமந்தியும் இல்லை செங்கலும் இல்லை. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது போல.

மே 17

மாத்திரை நான்கு. வளசரவாக்கம் சிக்னலில் பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். வெயிலில் விளக்கு எரிவதே தெரியவில்லை. மாநகராட்சிக்கு எழுதலாமா என்று யோசித்தேன். இப்போது ஸ்கூட்டரை வைத்துவிட்டுப் பேருந்தில் போகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

வகுப்பறை ட்யூப்லைட்டை மாற்றச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுத்தேன். எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, "புது லைட்டும்மா இது, ஜனவரியிலதான் போட்டேன்" என்கிறார்.

ஜூன் 11

மாத்திரை நான்கு.

நாயகிக்கு மார்ச்சில் தைத்த அரக்கு ரவிக்கை இப்போது இறுக்குகிறது. அதே துணி கிடைக்கவில்லை. வெள்ளைத் துணி எடுத்துச் சாயம் போடச் சொன்னேன். சாலிகிராமம் முனிரத்தினம் மூன்று தொட்டியில் மூன்று விதமாக முக்கி, மூன்று துண்டு கொண்டுவந்தார். பழைய ரவிக்கையின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.

நான் மூன்றாம் துண்டை எடுத்தேன்.

சுகிர்தா மூன்றையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தாள். "மேடம், ரெண்டுதான் கரெக்டா இருக்கு. மூணு பிரவுன் அடிக்குது."

"எனக்குச் சொல்லிக் குடுக்குறியா?"

"இல்ல மேடம். நீங்களும் வெளில வந்து ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா…"

"நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்டி. உனக்கு வேணும்னா கண்ணு வாங்கிப் போட்டுக்க."

முனிரத்தினம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பாப்பா சொல்றதும் ஒரு வாட்டி…" என்று ஆரம்பித்தார். நான் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வயதாகிவிட்டது அவருக்கு. மூன்று தொட்டி போட்டும் எனக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருந்தன. சாயத்தில் பழைய தெளிவு இல்லை.

சுகிர்தா மூன்று துண்டையும் நோட்டில் வரிசையாக ஒட்டினாள். மூன்றாவதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு எழுதினாள்: மேடம் ஓகே, 11/6.

ஜூன் 15

மாத்திரை நான்கு. செட்டில் இரண்டு நாள் வேலை முடிந்தது. கதைப்படி அந்தி, எல்லாம் அகல்விளக்கு வெளிச்சம். ரவிக்கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுகிர்தா மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினாள். சாயங்காலம் செட்டைப் பிரித்துவிட்டார்கள்.

ஜூன் 19

மாத்திரை நான்கு.

காலையில் ஆதிரன் பேசினார். எடிட்டிங்கில் காரைக்குடியில் எடுத்ததையும் செட்டில் எடுத்ததையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்களாம். "வாசப்படி ஏறும்போது ரவிக்கை அரக்கு மேடம். உள்ள கால் வெச்சதும் காப்பிக்கலர். கண்ண உறுத்துது. செட்டும் இல்ல. நாளைக்கு ஆபீஸ் வாங்க."

அகல்விளக்கு வெளிச்சத்தில் நிறம் புரளத்தான் செய்யும் என்றேன். கேமராமேன் அப்படிச் சொல்லவில்லை என்றார்.

கன்டினியூட்டி நோட்டு என்னிடம்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மழை வரும்போல இருந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, போய் எடுத்து வந்து மடித்து வைத்தேன். மழை வரவில்லை.

ஜூன் 20

மாத்திரை நான்கு.

ஆதிரன் அறையில் அவர், நான், சுகிர்தா. நோட்டை வாசலிலேயே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

"யார் ஓகே பண்ணது இந்தத் துணிய?" என்றார் ஆதிரன்.

நான் வாய் திறப்பதற்குள் சுகிர்தா சொன்னாள், "நோட்டுல இருக்கு சார். மூணு பீசும் ஒட்டிருக்கேன்." பக்கங்களைப் புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். "இங்கதான் சார் ஒட்டினேன். பத்தாந்தேதி இருக்கு. பன்னண்டு இருக்கு…"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒருவர் வேனிலிருந்து தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம்?" என்றார் ஆதிரன்.

"எங்கிட்டக் காட்டல" என்றேன். "காட்டியிருந்தா விட்டிருப்பேனா?"

ஆதிரன் தலையாட்டினார். "அதான் நானும் நெனச்சேன். உங்க கண்ணுக்கு இது தப்பாது."

சுகிர்தா நோட்டை மூடி மேஜை மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, என் கண்ணை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு. துணியைப் பார்ப்பது மாதிரி.

ஜூன் 21

மாத்திரை நான்கு. தலைவலி.

ஜூன் 29

மாத்திரை நான்கு.

படத்திலிருந்து சுகிர்தாவை எடுத்துவிட்டார்கள். ப்ராஜெக்ட் பாதியில் நின்றதால் கல்லூரி ஏற்கவில்லை. நிராகரித்த தாளில் வழிகாட்டி என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவளுடைய அம்மா தொலைபேசியில் அழைத்தார். "எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா மேடம். நீங்க கொஞ்சம் நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன்.

ஆதிரன் மிச்சப் படத்துக்கு எனக்குப் பதில் வேறு ஒருவரைப் போட்டுக்கொண்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜூலை 13

மாத்திரை நான்கு.

முதலாண்டு முதல் வகுப்பு. பதினேழு வருடமாக என் முதல் வகுப்பு ஒரே மாதிரிதான். மேஜையில் நாற்பது நூல்கண்டுகளைக் கொட்டுவேன். அரக்கில் தொடங்கி, சிவப்பு, செம்மண், பழுப்பு என்று மெல்ல இறங்கி, பாசிப்பச்சையில் முடியும் நாற்பது படி. ஒவ்வொரு கண்டுக்கும் அடியில் எண் ஒட்டியிருக்கும். நான் எண்ணைப் பார்க்காமல் வரிசையாக அடுக்குவேன், பிள்ளைகள் நேரம் பார்ப்பார்கள். முடிந்ததும் ஒருத்தி வந்து கண்டுகளைத் திருப்பி எண்ணைப் படிப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுப்பே சேர்ந்து கத்தும். போன வருடம் மூன்று நிமிடம் பத்து விநாடி.

இன்று பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

சுருட்டை முடிப் பெண் ஒருத்தி வந்து திருப்பினாள். "ஒண்ணு" என்றாள். எல்லோரும் கத்தினார்கள். "ரெண்டு." கத்தினார்கள். "பத்தொன்பது" என்றாள். ஒருவரும் கத்தவில்லை. "நாலு… முப்பத்தொண்ணு…" அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. அதற்கு மேல் படிக்காமல் என்னைப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம்: "ஏய், மேடம் வேணும்னே மாத்தி வெச்சிருக்காங்கடி! நம்மள டெஸ்ட் பண்றாங்க!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு, கைதட்டல்.

"ஆமா" என்றேன். "எங்கெங்க தப்புன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

அறுபது பேரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். "இது அங்க!" "லூசு, அது பச்சைடி!" "இது எப்படிடி இங்க வந்துச்சு?" இரண்டே நிமிடத்தில் பதினாறு தப்பையும் எடுத்துச் சரியாக அடுக்கிவிட்டார்கள். நேற்றுவரை வேறு எதையோ படித்துக்கொண்டிருந்த குழந்தைகள்.

சரியாக அடுக்கியதை உற்றுப் பார்த்தேன். நான் அடுக்கியதற்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஜூலை 15

டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். "இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா?"

அடுத்த பக்கம். அடுத்த பக்கம். பிறகு மூடிவிட்டார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"ஏப்ரல்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"மொத நாளே சொன்னேனே. கலர் மாறித் தெரிஞ்சா அன்னைக்கே மாத்திரைய நிறுத்திட்டு ஓடி வாங்கன்னு. இதுல ஒரு மருந்துக்கு அந்தக் குணம் உண்டு, சிலருக்குக் கண் நரம்பத் தொடும். ஏப்ரல்லயே வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்பேன், நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாயிடும். மூணு மாசம் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

நான் சும்மா இருக்கவில்லை டாக்டர் என்று சொல்ல நினைத்தேன். தினமும் நிறைய வேலை செய்தேன். காய்கறிக்காரரை, ட்யூப்லைட்டை, சிக்னலை, முனிரத்தினத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"திரும்பி வருமா?"

"வரலாம். ஒரு வருஷம்கூட ஆகலாம். வராமலும் போகலாம்."

அந்த மருந்தை நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தொடரச் சொன்னார்.

ஜூலை 16

மாத்திரை மூன்று.

எழுதியே ஆக வேண்டும். ஜூன் 19 அன்று துணி எடுக்க மாடிக்குப் போவதற்கு முன்னால், நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஸ்கேல் வைத்துக் கிழித்தேன், பிசிறு வராமல். கிழித்ததை எறியவும் இல்லை. இந்த நோட்டின் பின்னட்டைக்குள் இருக்கிறது. மூன்று துண்டு, ஒரு வட்டம், அவள் கையெழுத்து.

இப்போதும் எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுதான்.

ஜூலை 20

மாத்திரை மூன்று. கல்லூரிக்கும் ஆதிரனுக்கும் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுத்தால் அவளுக்கு ப்ராஜெக்ட் திரும்பக் கிடைக்கும். எனக்கு வகுப்பு இருக்காது. நாளை கொடுத்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 9

கடைசி மாத்திரைகள். கட்டி போய்விட்டது. செவிலியர் நோட்டை வாங்கி முதல் சில பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஒரு நாளும் விடலயே, சூப்பர்மா" என்றார். நல்லவேளை, அவர் எண்ணை மட்டும்தான் பார்த்தார்.

கடிதம் பையில் இருக்கிறது. மடிப்பில் நைந்துவிட்டது. வேறு தாளில் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 24

வகுப்பில் நிறத்தைத் தொடாமல் தைப்பு, அளவு, மடிப்பு என்று நடத்துகிறேன். பிள்ளைகள் கேட்கிறார்கள், கலர் எப்ப மேடம்? கலர் எப்ப?

செப்டம்பர் 2

கொடுத்துவிட்டேன். தைரியம் வந்து கொடுக்கவில்லை. சுருட்டை முடிப் பெண் ஒரு துணியை நீட்டி, "இது ரெட்டிஷ் பிரவுனா, கிரீனிஷ் பிரவுனா மேடம்?" என்று கேட்டாள். எந்தப் பதில் சொன்னாலும் எழுதிக்கொண்டுபோய்ப் பரீட்சையில் எழுதுவாள். நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "அந்தப் பொண்ணு திரும்பி வந்து ப்ராஜெக்ட முடிக்கலாம். அதுக்கு லெட்டர் தரேன். ஆனா நீங்க இனிமே கிளாஸ் எடுக்கறது…" முடிக்கவில்லை. பழைய உடைகள் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கே எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறது.

ஆதிரனிடமிருந்து ஒரு வரி: படம் முடிஞ்சிருச்சு மேடம், உடம்பப் பாத்துக்கங்க.

அக்டோபர் 11

சுகிர்தா ஃபோனை எடுப்பதே இல்லை. துறைத்தலைவரின் கடிதத்தையும் பதிவுத் தபாலில் வாங்காமல் திருப்பிவிட்டாள். அவளுடைய அம்மாதான் எடுத்தார். "மேட்சிங் சென்டர்ல வேலைக்குப் போவுது. அங்க வந்தெல்லாம் நிக்காதீங்க மேடம்" என்றார்.

நவம்பர் 1

திண்டிவனம் போய் வந்தேன்.

அடுத்த ஞாயிறு தீபாவளி. கடையில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் புடவையை நீட்டிக்கொண்டு, ரவிக்கைத் துணிக்கும் லைனிங்குக்கும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கல்லாவுக்கு அடுத்த மேஜையில். கழுத்தில் அளவு நாடா. கத்தரி ஒரே இழுப்பில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள்.

"கூட்டமா இருக்கு மேடம். அந்தப் பக்கம் நில்லுங்க."

நின்றேன். முக்கால் மணி நேரம். பையில் துறைத்தலைவரின் கடிதமும் அந்தப் பக்கமும் இருந்தன. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என் காலரைப் பார்த்தாள். கட்டி போன பிறகும் இதை என்னால் விட முடியவில்லை. விஷயம் தெரிந்தவள் என்று நினைத்திருப்பாள். புடவையையும் ஒரு துண்டையும் என் முன்னால் நீட்டினாள். "அக்கா, இது சேருதா பாத்துச் சொல்லுங்க. இந்தாளு சேருதுங்கறாரு, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

கத்தரிச் சத்தம் நின்றது. சுகிர்தா நிமிரவில்லை. ஆனால் கை அப்படியே நின்றது.

புடவையைப் பார்த்தேன். துண்டைப் பார்த்தேன். சேருது என்று சொன்னால் போய்விடுவாள். சேரல என்றாலும் போய்விடுவாள். பாதிக்குப் பாதி சரியாகக்கூட இருந்துவிடும்.

"எனக்குக் கலர் தெரியாதும்மா" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது. போன சித்திரையிலேருந்து அப்படித்தான். தெரியும்னு சொல்லி ஒரு பொண்ணுக்குக் கெடுதல் பண்ணிட்டேன். அந்தா, அவங்களக் கேளுங்க. அவங்க சொன்னா சரியா இருக்கும்."

அந்தப் பெண் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒரு அடி நகர்ந்தாள்.

சுகிர்தா வந்தாள். புடவையையும் துண்டையும் வாங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் பிடித்தாள். ஒரு கணம்தான்.

"பிரவுன் அடிக்குதுக்கா. இருங்க, வேற எடுத்துத் தரேன்."

அதன் பிறகுதான் என்னிடம் வந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். பிரிக்காமல் மேஜையில் போட்டு, பறக்காமல் இருக்க அதன் மேல் கத்தரியை வைத்தாள். கிழித்த பக்கத்தையும் கொடுத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிசிறில்லாத ஓரத்தை விரலால் தடவினாள்.

"ஸ்கேல் வெச்சுக் கிழிச்சீங்களா மேடம்?"

"ஆமா."

"ஒரு வாரம் முழுக்க வீட்டுல தேடினேன். நான்தான் ஒட்ட மறந்துட்டேன்னே நெனச்சுட்டேன்."

காலேஜுக்கு வருவியா என்று கேட்டேன். பின்னால் யாரோ, "பாப்பா, லைனிங் ரெண்டு மீட்டர்!" என்றார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

படியிறங்கியபோது கூப்பிட்டாள்.

"மேடம். பஸ் ஸ்டாண்டுக்குத்தான? முக்குல புதுசா சிக்னல் போட்டுருக்காங்க."

நின்றேன்.

"மேல எரிஞ்சா செவப்பு. கீழ எரிஞ்சா பச்சை. பாத்துப் போங்க."